‘சாரி’ என்னும் ஆங்கிலச் சொல்: வருத்தமும் மன்னிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் அன்றாடம் மிகுதியாக வழங்கும் ‘சாரி’ என்னும் சொல், பேசுபவரின் உள்ளநிலையை அறிவிக்கும் பெயரடை. தமிழில் அதற்கு இணையாக வைக்கப்படும் ‘மன்னிக்கவும்’ என்பதோ கேட்பவரிடம் ஒரு செயலை வேண்டும் வினைவடிவம். இவ்வேறுபாடு சொல் வரலாற்றிலும் அன்றாட வழக்கிலும் சட்டத்திலும் மொழிபெயர்ப்பிலும் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதையும், தமிழ்ப் பேச்சில் கடன்சொல்லாகப் புகுந்த ‘சாரி’ என்ன ஆனது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொருண்மையியல், பேச்சுச்செயல், மன்னிப்பு, இரங்கல், கடன்சொல், மொழிபெயர்ப்பு

சிக்கல்

நோயாளி இறந்துவிட்டதை உறவினருக்குத் தெரிவிக்கும் ஆங்கில மருத்துவர் ‘ஐ ஆம் சாரி’ என்கிறார். ஆங்கிலப் படங்களின் தமிழ் ஒலிமாற்றத்தில் இத்தொடர் ‘மன்னிக்கவும்’ என்றோ ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்றோ வருவதைக் கேட்கிறோம். ஆங்கிலத் தொடரைக் கேட்டவர், மருத்துவர் தம் துயரில் பங்குகொள்கிறார் என்று கொள்வார். தமிழ்த் தொடரைக் கேட்பவர், மருத்துவர் ஏதேனும் பிழை இழைத்துவிட்டாரோ என்று ஐயுறவும் இடமுண்டு. தமிழ்த் திரைப்படங்களில் அறுவை அரங்கிலிருந்து வெளிவரும் மருத்துவர் ‘ஐ ஆம் சாரி’ என்று ஆங்கிலத்திலேயே சொல்வது தேய்ந்துபோன காட்சி. அதைத் தமிழில் சொல்ல உரையாடலாசிரியர்கள் முனையாதது தற்செயலன்று என்றே தோன்றுகிறது. அவ்விடத்திற்குப் பொருந்தும் தமிழ்த் தொடர் எது என்னும் வினாவுக்கு எளிய விடை இல்லை.

இரு மொழிகளுக்கும் இடையே சொற்கள் நேருக்கு நேர் பொருந்தாமை புதிய செய்தியன்று. ஆயினும் ‘சாரி’யின் பொருத்தமின்மை பொறுப்பு, குற்றம், இரக்கம் ஆகிய மூன்றையும் தொடுகிறது. ஆதலின் அது சொல்லாராய்ச்சியின் எல்லையைக் கடந்து நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் சிக்கலாகிறது.

சொற்பிறப்பும் பொருள் வளர்ச்சியும்

இச்சொல்லின் பழைய ஆங்கில வடிவம் ‘சாரிக்’. இது ‘சார்’ என்னும் பெயரடியாகப் பிறந்தது. ‘சார்’ என்பது நோவு, புண். இன்றைய ஆங்கிலத்தில் ‘சோர்’ என வழங்குவது அதுவே. எனவே ‘சாரி’ என்பதன் முதற்பொருள் ‘நோவுடைய’, ‘உள்ளம் நொந்த’ என்பதாம். துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு இது பிறப்பால் தொடர்புடையதன்று. அச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘சொர்க்’ என்னும் வேறு வேரிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியில் கவலையைக் குறிக்கும் ‘சோர்கெ’ அதன் உறவு. வடிவும் பொருளும் நெருங்கியிருந்தமையால் இரு சொற்களும் காலப்போக்கில் ஒன்றையொன்று பாதித்தன. ‘சார்’ என்பதன் உறவுச் சொல்லே ஜெர்மனில் ‘மிக’ என்னும் பொருளில் வழங்கும் ‘சேர்’ என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ‘நோகும்படியாக’ என்ற பொருள் தேய்ந்து வெறும் மிகுதிப்பொருளாக நின்றுவிட்டது. நோவைக் குறித்த ஒரு வேர் ஒரு மொழியில் மிகுதிச் சொல்லாகவும் அடுத்த மொழியில் வருத்தச் சொல்லாகவும் பிரிந்தது.

உள்ளம் நொந்தவரைக் குறித்த சொல், இடைக்கால ஆங்கிலத்திலேயே பார்ப்பவர் உள்ளத்தை நோகச்செய்யும் இழிநிலையையும் குறிக்கலாயிற்று. இன்றும் பெயருக்கு முன் அடையாக வரும்போது இப்பொருளே மேலோங்குகிறது. ‘சாரி ஸ்டேட்’ என்பது பரிதாபமான நிலை. வருந்தும் நிலையோ மன்னிப்புக் கேட்கும் நிலையோ அன்று. ஒரே பெயரடை, பெயருக்கு முன் நின்றால் இழிவையும் பயனிலையாக நின்றால் வருத்தத்தையும் குறிக்கிறது.

மன்னிப்புச் சொல்லாக இது நிலைபெற்றது மிகப் பிந்தியே. ஆங்கிலத்தின் முந்திய நூற்றாண்டுகளில் தவறு செய்தவர் எதிரிலிருப்பவரின் கருணையை இரந்தார். ‘பார்டன்’ என்றும் ‘ஃபர்கிவ்’ என்றும் அவரிடம் மன்னிப்பை வேண்டினார். ஆங்கிலத்தில் மன்னிப்புத் தொடர்களின் வரலாற்றை ஆராய்ந்த ஆண்ட்ரியாஸ் யூக்கர், இர்மா தாவிட்சாய்னென் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டினர். கேட்பவரை நோக்கிய வேண்டுகோள் பின்வாங்க, பேசுபவரின் உள்ளநிலையைச் சொல்லும் தொடர் முன்வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘ஐ ஆம்’ என்னும் பகுதியும் உதிர்ந்து, ‘சாரி’ என்ற ஒற்றைச் சொல்லே மன்னிப்பாக நின்றது.

இம்மாற்றத்தின் நுட்பத்தை நோக்க வேண்டும். ‘மன்னியுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் பந்து எதிரிலிருப்பவரிடம் செல்கிறது. அவர் மன்னிக்கலாம், மறுக்கலாம். ‘எனக்கு வருத்தம்’ என்றால் அவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஆங்கிலேயர் இன்று ‘சாரி’ என்றதற்கு ‘பரவாயில்லை’ என்ற பொருளில் ஏதேனும் சொல்வது மரபே; அது கடமையன்று.

அன்றாட வழக்குகள்

மொழிமெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலாக வெளிவந்த சொற்பொழிவுகளில் மூவகைத் தொடர்களை வரிசைப்படுத்தினார். ‘அபாலஜைஸ்’ என்னும் வினை, சொல்லும் அக்கணத்திலேயே மன்னிப்புக் கேட்கும் செயலாகிறது. ‘ரிப்பென்ட்’ என்பது உள்ளத்தின் கழிவிரக்கத்தை விவரிப்பது மட்டுமே. ‘சாரி’ இரண்டுக்கும் இடைப்பட்டது. பாதி செயல், பாதி விவரிப்பு. இச்சொல்லைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கும் இவ்விடைநிலையே தொடக்கப்புள்ளி எனலாம்.

இவ்விடைநிலையால்தான் இச்சொல் இத்தனை இடங்களில் பொருந்துகிறது. அடுத்து வரும் முன்னிடைச்சொல் பொருளை மாற்றிவிடும். ‘சாரி ஃபார்’ என்பதன் பின் ஒரு செயல் வந்தால் அது பேசுபவரின் தவறு. ஓர் ஆள் வந்தால் அவர்மேல் பேசுபவர் கொள்ளும் இரக்கம். ‘ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்’ என்பதை ‘அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்’ என்று மொழிபெயர்க்கும் மாணவரைப் பயிற்சி வகுப்புகளில் காணலாம். ‘அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது’ என்பதே அதன் தமிழ். ‘சாரி டு ஹியர்’ என்பது ஒரு துன்பச் செய்தியைக் கேட்டதற்கான வருத்தம். ‘சாரி டு டிரபிள் யூ’ என்பதோ இனிமேல் கொடுக்கப்போகும் தொல்லைக்கு முன்கூட்டியே வைக்கும் காணிக்கை.

தனிச்சொல்லாக நிற்கும்போது அதன் வேலை மேலும் விரிகிறது. ஏறும் தொனியில் ‘சாரி?’ என்றால், ‘சொன்னது காதில் விழவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்பது பொருள். பேச்சின் நடுவே ‘திங்கள், சாரி, செவ்வாய்’ என்று வந்தால் அது தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்ளும் அடையாளம். கூட்டத்தில் ஒருவரைக் கடந்து செல்ல வழி கேட்கவும் அதுவே. ‘சாரி, பட்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் மறுப்போ கண்டனமோ வரப்போகிறது; அங்கு வருத்தத்தின் சாயலைத் தேடிப் பயனில்லை. கடையில் ‘சாரி, இருப்பில் இல்லை’ என்பவருக்கும் உள்ளம் நோவதில்லை. எர்விங் கோஃப்மன் 1971இல் ‘சீர்செய் பரிமாற்றம்’ என்று விளக்கியது இவ்வகைச் சிறு சடங்குகளையே. இருவருக்கிடையே ஏற்பட்ட, அல்லது ஏற்படவிருக்கும் மிகச் சிறிய கீறலை ஒரு சொல் மூடிவிடுகிறது.

ஆங்கிலேயரின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ், வேண்டுமென்றே வழிப்போக்கர்மேல் மோதிப் பார்த்தார். இடிபட்டவர்களே பெரும்பான்மையாகச் ‘சாரி’ என்றதை 2004இல் வெளிவந்த தம் நூலில் பதிவுசெய்தார். குற்றத்திலிருந்து இச்சொல் எவ்வளவு தொலைவு விலகி வந்துவிட்டது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஆங்கிலத்தில் இவ்விலக்கம் வேறொரு திசையில் செல்கிறது. நைஜீரியாவிலோ கானாவிலோ ஒருவர் தானே தடுக்கி விழுந்தால், அருகிலிருப்பவர் அதில் தமக்குத் தொடர்பே இல்லாதபோதும் ‘சாரி’ என்பார். யொருபா முதலிய மொழிகளில் அத்தகைய பரிவுச் சொல் இருத்தலின், ஆங்கிலச் சொல் அதன் இடத்தில் அமர்ந்தது. தமிழர் அவ்விடத்தில் ‘அடடா’ என்பர், ‘பார்த்து’ என்பர். இரண்டிலும் பேசுபவரின் வருத்தம் சொல்லாக வெளிப்படுவதில்லை.

பிழை ஒப்புதலா, துயரில் பங்கா

ஒரே சொல் இரக்கத்தையும் குற்ற ஒப்புதலையும் சுமப்பதால் அதைச் சொல்லவே அஞ்சும் நிலை தோன்றியது. விபத்துக்குப் பின் ‘சாரி’ என்றவர் தம் பிழையை ஏற்றுக்கொண்டார் என்று வழக்குரைஞர் வாதிடலாம். இவ்வச்சத்தைப் போக்கவே பல நாடுகளில் தனிச் சட்டங்கள் எழுந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இல், விபத்தில் பாதிக்கப்பட்டோருக்குச் சொல்லும் இரக்கச் சொற்களைப் பொறுப்பேற்புக்குச் சான்றாகக் கொள்ளலாகாது எனச் சட்டம் இயற்றியது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் மன்னிப்புச் சட்டங்களைக் கொணர்ந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என வரையறுத்தது. ஒன்டாரியோச் சட்டத்தில் ‘மன்னிப்பு’ என்பதன் வரையறைக்குள் இரக்கச் சொல்லும் வருத்தச் சொல்லும் ‘சாரி’ என்பதும் சேர்க்கப்பட்டுள்ளன; சொன்னவர் பிழையை ஏற்றாரா இல்லையா என்பது பொருட்டன்று. அகராதி தீர்க்காத பொருள்மயக்கத்தைச் சட்டமன்றம் தீர்த்துவைத்தது என்று இதைக் கொள்ளலாம்.

நாடுகளுக்கிடையே இம்மயக்கமே ஒருமுறை கருவியாகவும் பயன்பட்டது. 2001 ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்கக் கடற்படையின் வேவு விமானமொன்றும் சீனப் போர்விமானமொன்றும் ஹைனான் தீவுக்கு அருகே வானில் மோதின. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். சேதமுற்ற அமெரிக்க விமானம் ஹைனானில் தரையிறங்க, அதிலிருந்த 24 பேரும் 11 நாள்கள் தடுத்துவைக்கப்பட்டனர். சீனா முறையான மன்னிப்பைக் கோரியது. தாங்கள் தவறு செய்யவில்லை, ஆகவே மன்னிப்புக்கு இடமில்லை என்று அமெரிக்கா மறுத்தது. இறுதியில் அமெரிக்கத் தூதர் ஜோசஃப் ப்ரூயர் அளித்த மடலில் ‘வெரி சாரி’ என்னும் தொடர் இருமுறை வந்தது: விமானியின் இழப்புக்காக ஒருமுறை, வாய்மொழி அனுமதியின்றித் தரையிறங்கியதற்காக ஒருமுறை. ‘அபாலஜைஸ்’ என்னும் சொல் மடலில் இல்லை. அமெரிக்கர் அதை வருத்தம் என்று தம் மக்களுக்கு விளக்கினர். சீன ஊடகங்கள் மன்னிப்பின் சாயலுடைய சீனத் தொடரால் அதைப் பெயர்த்தன. இரு தரப்பும் நிறைவுற, விமானக் குழுவினர் விடுவிக்கப்பட்டனர். ஆஸ்டின் சுட்டிய இடைநிலை இல்லாத வேறெந்தச் சொல்லும் இவ்வேலையைச் செய்திருக்க இயலாது.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இதற்கு எதிர்மாறு. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த அரசுக் கொள்கை பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. 1998 மே 26 முதல் தேசிய ‘சாரி’ நாள் கடைப்பிடிக்கப்பட்டது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் ‘ரிக்ரெட்’ என்ற சொல்லோடு நின்றது. ‘சாரி’யைச் சொல்ல அவர் மறுத்தார். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் கொணர்ந்த தீர்மானத்தில் ‘அபாலஜைஸ்’, ‘சாரி’ இரண்டும் இடம்பெற்றன. ஹைனானில் ‘சாரி’ மன்னிப்பைவிடக் குறைவான சொல். கான்பெராவில் அது வருத்தத்தைவிட மிகுதியான சொல். அங்குள்ள பூர்வகுடியினரின் ஆங்கிலத்தில் ‘சாரி பிசினஸ்’ என்பது இறந்தோருக்கான துக்கச் சடங்குகளைக் குறிப்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். அவர்கள் அரசிடம் எதிர்பார்த்த சொல்லில் குற்ற ஏற்போடு துக்கமும் கலந்திருந்தது.

தமிழில் ‘சாரி’யின் இடம்

தமிழின் மன்னிப்புத் தொடர்களை நிரல்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. ‘மன்னிக்கவும்’, ‘மன்னிச்சிடுங்க’, ‘பொறுத்தருள்க’, ‘பொறுத்துக்கோங்க’, ‘தப்பா நினைக்காதீங்க’ ஆகிய அனைத்தும் முன்னிலையாரை நோக்கியவை. மன்னிப்பவர், பொறுப்பவர், தவறாக நினையாதிருப்பவர் எல்லாம் கேட்பவரே. ‘பொறு’ என்னும் வினை சுமத்தலையும் குறித்தல் கருதத்தக்கது. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் பொறுப்பவரின் பெருமையைப் பேசுகிறதேயன்றிப் பிழைத்தவரின் வருத்தத்தைப் பேசவில்லை. தமிழில் தவறின் சுமை, சொல்லளவில், அதைத் தாங்குபவரின் தோளுக்கு மாற்றப்படுகிறது. ஆங்கிலம் தன் பழைய ‘பார்டன்’ நிலையிலிருந்து நகர்ந்துவிட, தமிழ் அந்நிலையிலேயே நிற்கிறது எனலாம். இதைக் குறைபாடாகக் கொள்ள வேண்டியதில்லை. பிறர்மேல் கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம், சொல்லின்றியே சீர்செய்யும் மரபு நம்மிடம் இருந்ததைக் காட்டுகிறது.

பேசுபவரின் வருத்தத்தை நேரே கூறும் தொடர் தமிழில் இல்லாமலில்லை. தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தைக் கண்டவர்க்குத் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் அறிவிப்பு மறவாது. நாளிதழ்களின் திருத்தக் குறிப்பில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என வருவதும் அவ்வகையதே. ஆனால் இவற்றைச் சொல்வன நிறுவனங்கள். வடிவம் தன்மைப் பன்மை. தெருவில் மோதிக்கொண்ட எவரும் ‘வருந்துகிறேன்’ என்று சொல்வதில்லை. முகமற்ற நிறுவனம் வருந்துகிறது. முகமுடைய மனிதர் மன்னிப்பை வேண்டுகிறார்.

துக்கத்துக்கு உரிய சொல் வேறு. நெய்தலின் உரிப்பொருளாகிய ‘இரங்கல்’ இன்று இறப்புச் செய்திக்கான சொல்லாகச் சுருங்கியுள்ளது. எழுத்தில் ‘ஆழ்ந்த இரங்கல்’ எனலாம். நேர்ப்பேச்சில் அதுவும் வருவதில்லை. இறப்பு வீட்டுக்குச் செல்வோர் ‘துக்கம் கேட்க’ அல்லது ‘துக்கம் விசாரிக்க’ச் செல்கின்றனர், நெல்லை வட்டாரத்தில் இது ‘துஷ்டி கேட்டல்’. வருத்தத்தை அறிவிப்பதைவிட, நிகழ்ந்ததைக் கேட்டறிவதே பரிவாகிறது.

இந்தக் ‘கேள்’ என்னும் வினையே கடன்சொல்லின் போக்கையும் காட்டித்தருகிறது. ஆங்கிலத்தில் ‘சாரி’யைச் சொல்லலாம், கேட்க இயலாது. தமிழரோ ‘சாரி சொன்னான்’ என்பதோடு ‘சாரி கேட்டான்’, ‘முதல்ல போய் அவங்ககிட்ட சாரி கேளு’ என்றும் வழங்குகின்றனர். ‘மன்னிப்புக் கேள்’ என்னும் சட்டகத்தில் ‘மன்னிப்பு’ நின்ற இடத்தில் ‘சாரி’ அமர்ந்துவிட்டது. அவ்வாறு அமர்ந்தபோது பெயரடை பெயராயிற்று. உள்ளநிலை, கேட்டுப் பெறும் பொருளாயிற்று. ‘சாரிங்க’, ‘சாரிடா’, ‘சாரிம்மா’ என முன்னிலை ஒட்டுகளை அது இயல்பாக ஏற்பதும் இதற்கு அரணாகிறது. இறப்பு வீட்டில் தமிழர் ஒருவர் ‘சாரி’ என்பதில்லை. இரக்கப்பொருள் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. தன்திருத்தம், மறுப்பின் முகவுரை, சிறு மோதல் ஆகிய வழக்குகள் மட்டும் நகரப் பேச்சில் வேரூன்றியுள்ளன. ‘மன்னிப்பு’ என்னும் சொல்லின் கனம் சிறு தவறுகளுக்கு மிகையாகத் தோன்றியமையே இக்கடன் இத்துணை விரைவாகப் பரவக் காரணம் என்பது என் கருத்து.

இவற்றால் அகராதியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஏற்படும் கடமை சிறிதன்று. ஆங்கில–தமிழ் அகராதிப் பதிவில் ‘வருத்தமான, மன்னிக்கவும்’ என்று இரு சொற்களை அடுத்தடுத்து வைத்தால் போதாது. எவரிடம், எதற்காக, எந்த முன்னிடைச்சொல்லோடு என்ற சூழல் வேண்டும். பதிவின் தலைப்பில் நிற்க வேண்டியது இரக்கப்பொருள். மன்னிப்பு அதன் கிளை.

‘வருத்தம்’ என்னும் சொல்லிலும் ஓர் இடர் உண்டு. ஈழத்தமிழில் ‘வருத்தம்’ நோயைக் குறிக்கும். ‘எனக்கு வருத்தம்’ என்றால் ‘எனக்கு உடல்நலமில்லை’ என்பது பொருள். நோவைக் குறித்த சொல்லே உள்ளத் துயரையும் குறிப்பது பழைய ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவின் மருத்துவமனையில், மருத்துவரின் ‘ஐ ஆம் சாரி’யை உரைபெயர்ப்பாளர் ‘டாக்டருக்கு வருத்தம்’ என்றால் குழப்பம் விளையும். ‘மன்னிக்கச் சொல்கிறார்’ என்றால் ஐயம் விளையும். அங்கே பொருந்தும் சொல் ‘கவலை’: ‘டாக்டருக்கும் சரியான கவலையாயிருக்காம்’. அதே உரைபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில், தமிழ்ச் சாட்சி ஒருவர் தாம் மோதிய முதியவரின் மகனிடம் ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ என்றதைப் பெயர்க்க நேரும்போது, வெறும் ‘சாரி’ என்றால் வேண்டுகோள் விடுபட்டுவிடுகிறது. ‘ஃபர்கிவ் மீ’ என்றால் தமிழில் இல்லாத குற்ற ஒப்புதல் ஆங்கிலக் காதில் ஏறிவிடுகிறது. அவ்விடத்தில் தமிழ்த் தொடரை அப்படியே பதிவேட்டில் எழுதச்செய்து, அதன் வழக்குப் பொருளைத் தனியே விளக்க உரைபெயர்ப்பாளர் அனுமதி கேட்பதே முறை.